அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரம்: ஆச்சி பேசியதும் பிரதர் சொன்ன அர்த்தமும்

முத்துநகர்_பொண்ணு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு நாளா தூக்கம் இல்லை, அதான் இங்க வந்து கேக்கிறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்க தூத்துக்குடி. பிறந்ததிலிருந்தே பெந்தெகொஸ்தே சபைதான். சின்ன சபை, அறுபது எழுபது பேர் வருவோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல தூண் பக்கத்துல பாய் விரிச்சு ஒரு ஆச்சி உக்காருவாங்க. எண்பது வயசு இருக்கும். போன வெள்ளி ஆராதனை நேரத்துல அவங்க அந்நியபாஷையில, அதாவது ஆவியானவர் தர்றார்னு நாங்க நம்புற, பேசுறவங்களுக்கே புரியாத பாஷையில, பேச ஆரம்பிச்சாங்க. பெரிய சத்தம் இல்லை. முந்தானையை வாயில வச்சுப் பொத்திக்கிட்டு, அழுதுக்கிட்டே, ஒரு நிமிஷம் பேசியிருப்பாங்க. ஹாலே அமைதியாயிட்டு. அப்புறம் முன்வரிசையில இருந்த ஒரு பிரதர் எழுந்து அர்த்தம் சொன்னார். "இந்த இடத்தில் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அதை நிறுத்து, அது என் சித்தம் அல்ல என்று கர்த்தர் சொல்லுகிறார்." இப்படியே நாலஞ்சு நிமிஷம் போச்சு.

எங்க சபையில இப்போ கல்யாணப் பேச்சு நடக்கிறது ஒரே வீட்டுலதான். அது எங்க வீடு. மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மா அன்னைக்கு ராத்திரியே "ஆண்டவர் பேசிட்டார், இனி அந்த வீட்டுக்குப் போன் பண்ணாத"ன்னு முடிச்சிட்டாங்க.

மறுநாள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். திண்ணையில உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கூட உக்காந்து நானும் ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டேன். "நான் என்ன பேசினேன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மக்கா? ஆனா யாரையும் எச்சரிக்கிற மாதிரி மனசுல ஒண்ணும் இல்ல. நெஞ்சு நெறஞ்சு போயி நன்றி நன்றின்னு சொல்லுத மாதிரிதான் இருந்துச்சு"ன்னாங்க.

நான் வரத்தைச் சந்தேகப்படல. ஆச்சியையும் சந்தேகப்படல. அந்த பிரதர் நல்லவர்தான். ஆனா அர்த்தம் சொல்ற வரம்னா என்ன? அது சரியான அர்த்தம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டாலே பாவமா?

வசனம்_மட்டும்

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. நான் பிரதரன் (Brethren) என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவைச் சேர்ந்தவன். என் விசுவாசத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பாஷையும் அதன் அர்த்தமும் சபை அஸ்திபாரம் போடப்பட்ட காலத்துக்குரிய அடையாள வரங்கள். "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்" என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம் (1 கொரி.) 13:8 சொல்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே சபைப் பிதா ஜான் கிறிசோஸ்தோம் அதே நிருபத்தில் வரங்களைப் பற்றிய 12-ஆம் அதிகாரத்துக்குப் பிரசங்கம் செய்யும்போது, இது மிகவும் விளங்காத பகுதி, அன்று நடந்தவை இப்போது நடப்பதில்லை என்கிறார். அவருக்கே விளங்காமல் போனதை வைத்து இன்று ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது எனக்குப் பயமாக இருக்கிறது.

உபதேசியார்_மகன்

வசனம்_மட்டும் தம்பிக்கு முதலில் ஒன்று. ஓய்ந்துபோயிற்று என்பதை அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது, அதுவும் நம் ஊரில். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆள். அப்பா நாற்பது வருஷம் உபதேசியார். சின்ன வயதில் அவர் வாயால் கேட்ட பெயர் அருளப்பன். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தவர். 1860-ல் அவர் ஊழியம் செய்த கிராமங்களில் பெரிய எழுப்புதல் உண்டானது. ஜனங்கள் பாவத்தை நினைத்துக் கதறினார்கள், சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், சிலர் அந்நியபாஷை பேசினார்கள், அர்த்தமும் சொல்லப்பட்டது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும், அமெரிக்காவில் டொபேகா வேதப் பள்ளியில் பாஷை பேசியது 1901-ல். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்கள் 1906-ல். அதற்கெல்லாம் நாற்பது வருஷம் முன்னாலேயே திருநெல்வேலிச் சீமைக் கிராமத்துச் சபைகளில் பாஷையும் இருந்தது, அர்த்தமும் இருந்தது. அந்த அருளப்பன் பழகியதோ அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் போன்ற பிரதரன் ஊழியர்களோடு. ஆகவே தம்பி, இது உங்கள் வீட்டுக் கதையும்தான்.

இனி அந்தப் பிள்ளைக்கு. கேட்டால் பாவமில்லை தாயி. 1 கொரி. 14:29-ஐ எடுத்துப் பாருங்கள். தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று இருக்கிறது. பாஷைக்கு அர்த்தம் சொன்னால் அது தீர்க்கதரிசனத்துக்குச் சமமாகச் சபைக்குப் பயன்படும் என்கிறது 5-ஆம் வசனம். அந்த மதிப்பு அதற்கு உண்டென்றால் அந்தச் சோதனையும் அதற்கு உண்டு. நிதானிப்பது சபையின் கடமை, அவிசுவாசம் அல்ல.

மேடைத்_துபாஷி

கன்வென்ஷன் மேடைகளில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன் நான், பதினெட்டு வருஷமாக. அதனால் இந்த வரத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் 12:10-ல் "பாஷைகளை வியாக்கியானம்பண்ணுதல்" என்றும், 14-ஆம் அதிகாரத்தில் "அர்த்தம்" என்றும் இருக்கிறது. கிரேக்கத்தில் ஹெர்மேனேயா, டியெர்மேனேவோ என்று ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள். இதே டியெர்மேனேவோ இன்னும் இரண்டு இடத்தில் வருகிறது. அப்போஸ்தலர் (அப்.) 9:36-ல் தபீத்தாள் என்ற பேருக்குக் கிரேக்கில் தொற்காள் என்று அர்த்தம். அது சொல்லுக்குச் சொல், இரண்டு பேருக்கும் பொருள் மான்தான். லூக்கா 24:27-ல் எம்மாவு வழியில் இயேசு வேதவாக்கியங்களை "விவரித்துக் காண்பித்தார்". அது விளக்கம், வழிநடையெல்லாம் நீண்ட விளக்கம். ஆக அந்தச் சொல்லுக்குள் இரண்டும் அடங்கும். ஒரு நிமிஷம் பேசியதற்கு ஐந்து நிமிஷ அர்த்தமா என்று அளவை மட்டும் வைத்துத் தள்ளிவிட முடியாது. பெல்ஷாத்சார் ராஜாவின் அரண்மனைச் சுவரில் ஒரு கை எழுதியது "மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்", அவ்வளவுதான். தானியேல் சொன்ன அர்த்தம் அதைவிட எவ்வளவு பெரியது!

ஆனால் ஒன்று. எனக்கு ஒரு ராத்திரி நடந்தது. என் மகன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தான், நான் மேடையில் நின்றேன். பிரசங்கியார் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறார், "அவர்களைத் தாங்கும் ஆண்டவரே" என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னார். என் வாயில் "இந்த ராத்திரியே அவர்களைக் குணமாக்குகிறீர்" என்று வந்துவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை, சொல்லிவிட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு டீச்சரம்மா வந்து, "தம்பி, ஐயா அப்படிச் சொல்லவில்லையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போதுதான் உறைத்தது.

என் வேலையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர் ஒருவராவது ஹாலில் இருப்பார், என் பிழையைப் பிடித்துவிடுவார். அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்கிறவருக்கு அந்த டீச்சரம்மா கிடையாது. அதனால் அவருக்கு என்னைவிடப் பத்து மடங்கு நடுக்கம் இருக்க வேண்டும்.

மொழியியல்_மாணவன்

நான் சபைக்குப் போகிறவன், ஆராய்ச்சியும் இதே துறையில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் சமரின் என்ற மொழியியலாளர் பல நாடுகளில் பாஷை பேசுகிறவர்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். 1972-ல் வெளியிட்டார். அவர் கண்டது: ஓசைகள் பெரும்பாலும் பேசுகிறவர் ஏற்கெனவே அறிந்த ஓசைகளிலிருந்தே வருகின்றன, ஏற்ற இறக்கம் மொழி போலவே இருக்கும், ஆனால் சொல்லும் பொருளும் மனித மொழியில் பிணைந்திருப்பது போல் பிணைந்திருப்பதில்லை. அதே வருஷம் ஜான் கில்டால் என்ற உளவியலாளர் ஒரு பதிவைத் தனித்தனியாகப் பல அர்த்தம் சொல்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒருவர் அது பிள்ளைகளின் சுகத்துக்கான ஜெபம் என்றார். இன்னொருவர், சபைக்குப் பணம் நன்றாகச் சேர்ந்ததற்கான துதி என்றார்.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. அசூசா தெருவிலிருந்து ஆல்பிரட் கார் என்ற ஊழியர் மனைவியோடு 1907 வாக்கில் கல்கத்தாவுக்கு வந்தார். தனக்கு வங்காள பாஷை வரமாகக் கிடைத்துவிட்டது, போய் இறங்கியதும் பிரசங்கிக்கலாம் என்று நம்பி வந்தார். வங்காளிகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் திரும்பிப் போய்விடவில்லை, அங்கிருந்த மிஷனரிகளுக்குக் கூட்டம் நடத்தினார். ஆனால் பாஷை என்றால் என்ன என்ற தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வரம் பொய் என்று இதை வைத்து நான் சொல்ல வரவில்லை. வரத்தைப் பற்றிய நம் விளக்கம் தவறாகப் போகலாம், உண்மையான பக்தியுள்ளவர்களுக்கே போயிருக்கிறது.

பாஸ்டர்_கோவை

மாணவத் தம்பி, அந்தப் பதிவுச் சோதனையைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். ஆராதனை இல்லாமல், சபை இல்லாமல், தனி அறையில் ஒரு டேப்பைப் போட்டு அர்த்தம் சொல் என்றால் அது பவுல் சொன்ன சூழ்நிலை இல்லை. இந்த வரம் ஆவியானவர் தமக்குச் சித்தமானபடி பகிர்ந்து கொடுப்பது. பட்டனைத் தட்டினால் வராது.

மொழியியல்_மாணவன்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அப்போதும் கேள்வி அப்படியே நிற்கிறது. சபைக்குள்ளே எப்படிச் சோதிப்பது? அந்த அக்கா கேட்டதும் அதைத்தான்.

பாஸ்டர்_கோவை

நியாயம். இருபத்திரண்டு வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறேன், இந்த வரம் என் சபையில் இருக்கிறது, எனக்கும் கர்த்தர் கொடுத்திருக்கிறார். எப்படி வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்த ஓசைகள் புரிந்து வருவதில்லை. உள்ளத்தில் ஒரே ஒரு வரி வரும். சில நேரம் ஒரு காட்சி மட்டும், காய்ந்த வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி. அந்த ஒரு வரியை வாய் திறந்து சொன்னால்தான் அடுத்த வரி வரும். நூலின் நுனியைப் பிடித்து இழுக்கிற மாதிரி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நூல் அறுந்த பிறகும் நாம் பேசிக்கொண்டே போக முடியும். ஜனங்கள் கை உயர்த்திக் கண்ணீரோடு நிற்கும்போது, "இவ்வளவுதான் வந்தது" என்று உட்காருவதற்கு ரொம்ப தைரியம் வேண்டும்.

எனக்கே ஒருமுறை அறுந்தது. ஒரு குடும்பத்துக்கு இந்த வருஷம் பிள்ளை உண்டாகும் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டேன். எனக்கு அவர்கள் மேல் இருந்த ஆசை அது. வருஷம் போயிற்று. அந்தச் சகோதரி சபைக்கு வருவதைக் குறைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் சபைக்கு நடுவில் நின்று, "நான் சொன்னதில் பாதி என்னுடையது, ஆண்டவருடைய பேரில் சொன்னது என் தப்பு" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி அடக்க முடியாமல் அழுதாள். அன்று முதல் என் சபையில் ஒரு ஒழுங்கு வைத்தேன். கல்யாணம், நிலம், பணம், ஆஸ்பத்திரி, இந்த நாலைப் பற்றி அர்த்தத்தில் ஏதாவது வந்தால் அதை மைக்கில் சொல்லக் கூடாது. கூட்டம் முடிந்ததும் என்னிடமும் இரண்டு மூப்பரிடமும் வந்து சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் கேட்பது, "இந்த விஷயம் உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்பதுதான்.

மகளே, உங்கள் சபையில் யாராவது அந்த பிரதரிடம் இதைக் கேட்டார்களா?

செபக்குழு_அக்கா

இயேசுவுக்கே புகழ். நான் திருச்சி, கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கச் செபக்குழுவில் இருக்கிறேன். எங்கள் திருவிவிலியத்தில் இதைப் பரவசப்பேச்சு என்றும், அதை விளக்கும் ஆற்றல் என்றும் படிப்போம். அந்த வரம் எதற்கு என்று 12:7 "பொது நன்மை" என்று சொல்கிறது. இந்தத் தங்கை கதையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அறுபது பேருக்கு நடுவில் சொன்ன விளக்கத்தால் ஒரு வீட்டுக்குக் கலக்கம், மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கு வேடிக்கை. இதில் பொது நன்மை எங்கே?

எங்கள் குழுவில் பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து பரவசத்தில் பாடுவோம். அது புகழ்ச்சி, அதற்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை. யாராவது ஒருவர் தனியாகச் சத்தமாகப் பேசினால் அமைதியாகக் காத்திருப்போம். விளக்கம் வந்தால் அது அநேகமாகச் செபமாகத்தான் வரும். "ஆண்டவரே, நீர் நல்லவர்" என்கிற மாதிரி. "மகளே, நீ இதைச் செய்" என்று வந்தது என் நினைவில் மிகக் குறைவு.

உபதேசியார்_மகன்

அக்கா சொன்னதுதான் எனக்கு இந்த முழு விஷயத்துக்கும் சாவி. ராத்திரி பதினான்காம் அதிகாரத்தை மறுபடி முழுக்கப் படித்தேன்.

பாஷையில் பேசுகிறவன் யாரிடம் பேசுகிறான்? 2-ஆம் வசனம்: "அவன் மனுஷரிடத்தில் பேசாமல், தேவனிடத்தில் பேசுகிறான்." 14-ல் அதை விண்ணப்பம் என்கிறார் பவுல். 15-ல் பாட்டு. 16, 17-ல் ஸ்தோத்திரம், நன்றி. பெந்தெகொஸ்தே நாளில் ஜனங்கள் கேட்டது என்ன? "தேவனுடைய மகத்துவங்களை" (அப். 2:11). ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு வீட்டில்? பாஷை பேசி "தேவனைப் புகழுகிறதை" (அப். 10:46). எல்லாம் கீழேயிருந்து மேலே போகிற பேச்சு. அப்படியானால் அதன் அர்த்தமும் மேலே போகிற பேச்சாகத்தானே இருக்க வேண்டும்? ஒருவன் கடவுளுக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்து வாசித்தால், அதில் பக்கத்து வீட்டுக்காரிக்கு உத்தரவு எப்படி இருக்கும்?

16-ஆம் வசனத்தில் பவுல் யாருக்காகக் கவலைப்படுகிறார் என்று பாருங்கள். "கல்லாதவன்" ஒருவன் சபையில் உட்கார்ந்திருக்கிறான். நீ ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், அவனுக்குப் புரியவில்லை. அவன் எப்படி ஆமென் சொல்லுவான்? கொரிந்து இரண்டு துறைமுகம் உள்ள ஊர், கெங்கிரேயா ஒன்று, லெகாயோன் ஒன்று. தூத்துக்குடிப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துறைமுக ஊரில் எத்தனை பாஷைக்காரன், எத்தனை கூலிக்காரன் வந்து கடைசி வரிசையில் உட்காருவான் என்று. அந்தக் கடைசி வரிசைக்காரனும் ஆமென் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த வரம்.

ஆச்சி என்ன சொன்னார்கள்? நன்றி சொல்லுத மாதிரி இருந்துச்சு என்றார்கள். தாயி, அந்த வயதான மனுஷி பதினான்காம் அதிகாரத்தைத் தன் நெஞ்சால் படித்திருக்கிறார்கள்.

பாஸ்டர்_கோவை

ஐயா, இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். பாஷையும் அர்த்தமும் சேர்ந்தால் தீர்க்கதரிசனத்துக்குச் சமம் என்று 5-ஆம் வசனத்தை வைத்து எங்கள் சபைகளில் போதிக்கிறோம். அப்படியானால் சபைக்கு ஒரு வார்த்தையாகவும் வரலாமே?

உபதேசியார்_மகன்

சபைக்கு விருத்தி உண்டாக்குவதில் சமம் என்றுதான் நான் படிக்கிறேன் பாஸ்டர். ஒருவர் நன்றி சொல்வதைக் கேட்டாலும் விருத்தி உண்டாகும். சங்கீதங்களில் அநேகம் தேவனிடத்தில் பேசுவதுதானே, நாம் விருத்தியடையவில்லையா?

பாஸ்டர்_கோவை

இதை இன்னும் ஜெபித்துப் பார்க்க வேண்டும். முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஆனால் தள்ளவும் முடியவில்லை. தீர்க்கதரிசனம் என்றே வைத்தாலும், 14:3-ல் அது "பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும்" உண்டாக்க வேண்டும். பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையைச் சபை நடுவில் சுட்டிக் காட்டியது இந்த மூன்றில் எதிலும் சேராது. அந்த அளவுக்கு நானும் ஐயாவோடு நிற்கிறேன்.

வசனம்_மட்டும்

நான் என் நிலையிலிருந்து மாறவில்லை. ஆனால் அருளப்பன் விஷயம் எனக்குத் தெரியாது, அதைத் தேடிப் படிக்கிறேன் ஐயா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 14:28-ல் அர்த்தஞ்சொல்லுகிறவன் இல்லாவிட்டால் சபையிலே பேசாமல் இருக்கச் சொல்கிறார் பவுல். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாமல் போகும் நாளும் உண்டு என்று அவரே எதிர்பார்க்கிறார். எல்லாக் கூட்டத்திலும் யாராவது எழுந்து ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேதத்தில் இல்லை.

மேடைத்_துபாஷி

இதை நான் இரண்டு முறை படித்தேன். உண்மை. அர்த்தம் வராத அமைதியைச் சபைகள் தாங்கப் பழக வேண்டும். மேடையில் பிரசங்கியார் நிறுத்திவிட்டால் நானும் நிறுத்துகிறேன், இடைவெளியை நானே நிரப்புவதில்லை.

முத்துநகர் தங்கைக்கு ஒன்று. 14:13-ஐ யாரும் இன்னும் சொல்லவில்லை. பாஷையில் பேசுகிறவனே "அதின் அர்த்தத்தையும் சொல்லத்தக்கதாக விண்ணப்பம்பண்ணக்கடவன்". முதலில் கேட்க வேண்டியது ஆச்சியேதான்.

முத்துநகர்_பொண்ணு

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க. எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். உபதேசியார் ஐயா சொன்ன கடிதத்தைப் படிக்கும்போது அம்மா "திரும்ப வாசி"ன்னாங்க.

புதன்கிழமை நானும் அம்மாவும் எங்க பாஸ்டரைப் பார்த்தோம். கோவை பாஸ்டர் சொன்ன கேள்வியை நான் அப்படியே வச்சேன். பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அந்த பிரதரையும் ஒரு மூப்பரையும் வரச் சொன்னார். பிரதர் ஒளிக்கல. மாப்பிள்ளை வீட்டைப் பத்தி மார்க்கெட்ல யாரோ ஏதோ சொன்னது ரெண்டு வாரமா தன் மனசுல இருந்துச்சுன்னு சொன்னார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நினைச்சேன் பாஸ்டர். முதல் வரி வந்தது நிஜம், அது என்னன்னா 'என் கிருபை உன்னைத் தாங்கிற்று'. மத்தது என் பயம்"னார். அவர் கண்ணு கலங்கிடுச்சு. அம்மா அவருக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. மார்க்கெட்ல கேட்ட விஷயம் என்னன்னு அப்பா நேர்லயே விசாரிச்சார், அது வேற குடும்பம், பேர்தான் ஒண்ணு.

நேத்து வெள்ளி. ஆச்சி மறுபடியும் பாஷையில பேசினாங்க, அதே மாதிரி முந்தானையைப் பொத்திக்கிட்டு. யாரும் எழுந்திருக்கல. பாஸ்டரும் மைக்கைக் கீழ வச்சிட்டார். ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் பாஸ்டர் மெதுவா, "ஆச்சி, அர்த்தத்தையும் தாரும்னு நீங்களே ஆண்டவர்கிட்ட கேளுங்க"ன்னார். ரொம்ப நேரம் ஆச்சு. ஆச்சி முந்தானையை எடுத்துட்டுத் தமிழ்ல சொன்னாங்க, "அப்பா, எம்மவன் குடிய விட்டுட்டான். ஆறு மாசம் ஆச்சு. நான் யார்ட்டயும் சொல்லலப்பா, திரும்பக் குடிச்சிருவானோன்னு பயந்து. ஒமக்குத்தான் தெரியும். நன்றிப்பா."

கடைசி வரிசையில செருப்புப் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அண்ணன்தான் முதல்ல ஆமென் சொன்னார், அதுக்கப்புறம் ஹாலே சொல்லுச்சு. அந்த பிரதரும் சொன்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அம்மாவும் சொன்னாங்க.

மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னைக்குச் சாயங்காலம் அம்மாவே போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க.